டல்லிச் ஹாம்லெட் மேட்ச்சுக்கு முதல் முறை வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது தெற்கு லண்டனில், டூட்டிங் பக்கம். சனிக்கிழமை மதியம் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று யாராவது கேட்டு, ஃபுட்பால் பார்க்க என்று நான் சொன்னால், உடனே "செல்ஸீயா, ஆர்சனலா?" என்பார்கள். இரண்டும் இல்லை, டல்லிச் ஹாம்லெட் என்றதும் ஒரு விநாடி மௌனம். அப்புறம் கேள்விகள். ஆபீஸிலும் கேட்டார்கள், கோயில் வாசலிலும் கேட்டார்கள், என் மைத்துனர் ஃபோனில் அரை மணி நேரம் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் பெயரை எப்படிச் சொல்வது?

ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு டபிள்யூ உட்கார்ந்திருக்கும், ஆனால் வாயில் அது வராது. டல்லிச். நான் முதல் தடவை "டல்விச்" என்று சொன்னபோது பக்கத்தில் நின்றவர் திருத்தவில்லை, லேசாகச் சிரித்தார், அதிலேயே புரிந்துவிட்டது. ஹாம்லெட் என்றால் சிற்றூர், அவ்வளவுதான். ஷேக்ஸ்பியர் நாடகத்து டென்மார்க் இளவரசனுக்கும் இந்த கிளப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

டல்லிச்சை "நான்-லீக்" கிளப் என்கிறார்களே, அப்படியென்றால் லீக்கே கிடையாதா?

இருக்கிறது, தேவைக்கு அதிகமாகவே இருக்கிறது. குழப்பமெல்லாம் பெயரில்தான். இங்கிலாந்தில் மேலே நான்கு டிவிஷன்கள்: பிரீமியர் லீக்கில் 20 அணிகள், அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்று ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. 1888இல் தொடங்கிய 'ஃபுட்பால் லீக்' என்ற அமைப்பின் வழியில் வந்த இந்த நாலு மாடிக்கு வெளியே இருக்கிற எல்லோருக்கும் நான்-லீக் என்று பெயர் விழுந்துவிட்டது. ஐந்தாவது படி நேஷனல் லீக், ஆறாவது நேஷனல் லீக் வடக்கு, தெற்கு. ஏழாவது படியில் நான்கு டிவிஷன்கள், அதில் ஒன்று லண்டனையும் தென்கிழக்கையும் சேர்ந்த இஸ்த்மியன் லீக்கின் பிரீமியர் டிவிஷன். அந்த லீக் 1905இல் தொடங்கியது. அதற்கும் கீழே கவுன்டி லீக்குகள், மாவட்ட லீக்குகள் என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசிப் படியில் பொதுப் பூங்காவில் கம்பம் நட்டு ஆடுகிறவர்கள் இருப்பார்கள்.

முக்கியமான விஷயம், இந்தப் படிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தவை. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. ஐந்தாவது படியிலிருந்து நான்காவதுக்குத் தானாக ஏறும் வழி திறந்தது 1987இல்தான். அதுவரை பழைய கிளப்புகள் ஓட்டுப்போட்டுத் தங்களுக்குள்ளேயே இடத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஏறியது ஸ்கார்பரோ, முதலில் இறங்கியது லிங்கன் சிட்டி. 2002இல் தங்கள் கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்ற கோபத்தில் விம்பிள்டன் ரசிகர்கள் புதிதாக ஒரு கிளப்பை ஆரம்பித்து, பூங்காவில் ஆட்கள் தேர்வு நடத்தி, ஒன்பதாவது படியில் தொடங்கி, 2011இல் அந்த 92க்குள் நுழைந்தார்கள். டூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் நடந்த கதை இது.

நீங்கள் எப்படி இதில் மாட்டினீர்கள்?

அவர்கள்தான் என் வீட்டுப் பக்கம் வந்தார்கள், நான் போகவில்லை.

2018 மார்ச்சில் டல்லிச் ஹாம்லெட்டை அவர்களுடைய சொந்த மைதானமான சாம்பியன் ஹில்லிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். நிலம் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கையில் இருந்தது, அங்கே வீடுகள் கட்ட அனுமதி கிடைக்காமல் சண்டை முற்றிப்போய், கடைசியில் கிளப் வாசலில் பூட்டு. அது போதாதென்று கிளப்பின் பெயரையே வேறொருவர் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டு, இனி இந்தப் பெயரை நீங்கள் பயன்படுத்தக் கூடாது என்று கடிதம் அனுப்பினார்கள். 1893இலிருந்து இருக்கிற பெயர்! நாடாளுமன்றம் வரை பேச்சு போனது, பிறகு பெயர் திரும்பி வந்தது.

வீடில்லாமல் நின்றவர்களுக்கு இடம் கொடுத்தது யார் தெரியுமா, பரம வைரிகளான டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைடெட். அவர்களுடைய இம்பீரியல் ஃபீல்ட்ஸ் மைதானம் எனக்குப் பக்கம். ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனவன், தெருவில் பிங்க் நிற ஸ்கார்ஃப் போட்டுக்கொண்டு கூட்டம் போவதைப் பார்த்து, இது என்ன ஊர்வலம் என்று பின்னாலேயே போனேன். பையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, ஆயுதமா என்று கேட்டார். சாம்பாருக்கு என்றேன். உள்ளே விட்டார்.

அந்த மே மாதம், வெயில் கொளுத்திய ஒரு வங்கி விடுமுறைத் திங்களன்று, அதே மைதானத்தில் ஹென்டன் அணியோடு பிளே-ஆஃப் இறுதி, அதாவது மேல் படிக்கு யார் ஏறுவது என்று முடிவு செய்யும் ஆட்டம். மூவாயிரத்துக்கும் மேல் கூட்டம். சமநிலையில் முடிந்து, பெனால்டியில் டல்லிச் ஜெயித்து ஆறாவது படிக்கு ஏறியது. அவ்வளவுதான், அதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும். டிசம்பரில் கிளப் சாம்பியன் ஹில்லுக்குத் திரும்பியது, நானும் கூடவே போய்விட்டேன். 2023இல் மறுபடியும் ஏழாவது படிக்கு இறங்கினார்கள். நான் இறங்கவில்லை.

எப்படிப் போவது?

ஈஸ்ட் டல்லிச் ஸ்டேஷன். லண்டன் பிரிட்ஜிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்கூட ஆகாது. டூட்டிங்கிலிருந்து வருகிறவர்கள் டல்ஸ் ஹில்லில் மாறிக்கொள்ளலாம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் டாக் கெனல் ஹில் என்று ஒரு ஏற்றம், ஐந்து நிமிட நடை. மைதானம் சேன்ஸ்பரி சூப்பர்மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில் நின்று, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று ஃபோனைப் பார்ப்பார்கள். சரியான இடம்தான். பழைய சாம்பியன் ஹில் இருபதாயிரம் பேர் நிற்கக்கூடிய பெரிய மைதானம். அதை இடித்து, நிலத்தில் ஒரு பகுதி சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய், 1992இல் எழும்பியதுதான் இப்போதைய மைதானம். கொள்ளளவு மூவாயிரம்.

டிக்கெட் எவ்வளவு? முன்பதிவு வேண்டுமா?

ஏழாவது படியில் பெரும்பாலான மைதானங்களில் பெரியவர்களுக்கு 10 முதல் 15 பவுண்டுக்குள் முடிந்துவிடும், குழந்தைகளுக்குப் பல இடங்களில் சில்லறைக் காசு, சில இடங்களில் இலவசம். பிரீமியர் லீக்கில் இந்தப் பணத்துக்கு ஸ்கார்ஃப் கூடக் கிடைக்காது. மற்ற ஊர்களில் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசலுக்குப் போய் நின்றாலும் இடம் கிடைக்கும். ஆனால் டல்லிச்சில் கூட்டம் சேரும் நாட்கள் உண்டு, இந்த அளவு லீக்கில் நம்ப முடியாத கூட்டம். அதனால் ஆன்லைனில் முன்பே வாங்கிவிடுங்கள்.

வாசலில் இரும்புச் சுழல்கதவு இருக்கும். ஆள் ஒருவர்தான் நுழைய முடியும், அதுவும் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு. அதைத் தாண்டியதும் ஒருவர் ராஃபிள் என்கிற பரிசுக் குலுக்கல் சீட்டு விற்பார். வாங்குங்கள். இதுவரை நான் எதையும் ஜெயித்ததில்லை, இருந்தாலும் வாங்குங்கள்.

எங்கே உட்கார வேண்டும்? சீட் நம்பர் உண்டா?

உட்காருவது உங்கள் விருப்பம். மெயின் ஸ்டாண்டில் இருக்கைகள் உண்டு, மழைக்கு நல்லது, நம்பரெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் உண்மையான ஆட்டம் கோல் போஸ்டுக்குப் பின்னால்தான். அங்கே நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். கோல் கீப்பரின் முதுகு உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், தடுப்பு என்பது இடுப்பளவு உள்ள ஒரு கம்பி.

இதில் ஒரு வேடிக்கை. நம் அணி எந்த கோலை நோக்கித் தாக்குகிறதோ அந்தப் பக்கம் ரசிகர்கள் நிற்பார்கள். பாதி ஆட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறும்போது, ரசிகர் கூட்டமும் கொடி, மேளம், குழந்தை, நாய் சகிதம் மைதானத்தைச் சுற்றி அடுத்த முனைக்கு நடக்கும். எதிரணி ரசிகர்கள் எதிர்த்திசையில் வருவார்கள். நடுவில் சந்திக்கும்போது கைகலப்பு வரும் என்று பயந்தேன். "உங்கள் பதினோராம் நம்பர் நன்றாக ஆடுகிறானே" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒருவர். மேல் டிவிஷன்களில் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே போலீஸ் வரிசை நிற்கும். இங்கே பெரும்பாலான நாட்களில் பிரிப்பே கிடையாது.

ஆட்டத்தின் தரம் எப்படி? உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால், சில நாட்கள் சுமார். பந்து அடிக்கடி ஆகாயத்தில் இருக்கும், சில சமயம் சூப்பர்மார்க்கெட் பக்கம் இருக்கும். டிவியில் பெப் கார்டியோலா அணியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் இருபது நிமிடம் கஷ்டமாகத்தான் தெரியும். இவர்கள் முழுநேர ஆட்டக்காரர்கள் இல்லை, பகலில் வேலைக்குப் போய்விட்டு வாரத்தில் ஒன்றிரண்டு மாலை பயிற்சிக்கு வருகிறவர்கள்தான் பெரும்பாலும். செவ்வாய் இரவு 7.45 ஆட்டத்தில் எண்பதாவது நிமிடம் கால் இழுத்துக்கொண்டு நிற்கிறவன் அன்று காலை ஏணியில் ஏறி ஒயரிங் செய்தவனாக இருக்கலாம்.

ஆனால் டிவியில் கேட்காத ஒன்று இங்கே கேட்கும். ஷூ பந்தில் படும் சத்தம், தோளும் தோளும் மோதும் சத்தம், எதிரணி ஆள் நெருங்குகிறான் என்பதற்கு "மேன் ஆன்" என்று பின்னாலிருந்து எச்சரிப்பது, கோல் கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைத் திட்டுவது, எல்லாம். ஃபுட்பால் இவ்வளவு பேசுகிற விளையாட்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. நாம் பேசுவதும் அவர்களுக்குக் கேட்கும். ஒரு நவம்பர் ஆட்டத்தில் லைன்ஸ்மேனுக்கு மூன்றடி பின்னால் நின்று, ஆஃப்சைட், ஆஃப்சைட் என்று கத்தினேன். கொடியை உயர்த்தாமல் அப்படியே ஓடியவர், பந்து வெளியே போனதும் திரும்பிப் பார்த்து, "நீங்கள் இருக்கும் கோணத்திலிருந்து அப்படித்தான் தெரியும் சார்" என்றார். சுற்றி நின்ற நாற்பது பேரும் சிரித்தார்கள். எண்பதாயிரம் பேர் மைதானத்தில் என் தப்பை யார் திருத்தியிருப்பார்கள்? இங்கே வீடியோ பார்த்து முடிவைத் திருத்தும் விஏஆர் கிடையாது, அந்த வேலையை லைன்ஸ்மேனே நேரில் செய்துவிட்டார்.

இன்னொன்று, இங்கிருந்து மேலே போனவர்களும் உண்டு. பீட்டர் க்ரவுச் 2000இல் டாட்டன்ஹாமிலிருந்து கடனாக வந்து இதே டல்லிச் ஹாம்லெட்டில் ஆடினார், பிறகு இங்கிலாந்து அணிக்கு. ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ், ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட் என்று நான்-லீக்கில் சுற்றிவிட்டு, 2012இல் லெஸ்டருக்குப் போய், 2016இல் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். நீங்கள் இன்றைக்குத் திட்டுகிற பையனை நாளைக்கு டிவியில் பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம், அதுதான் அதிகம் நடக்கிறது.

ஏன் எப்போதும் சனிக்கிழமை மூன்று மணி? அந்த நேரத்தில் டிவியில் பெரிய மேட்ச் போகுமே?

போகாது. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை எந்த ஃபுட்பால் ஆட்டத்தையும் நேரலையாகக் காட்டக் கூடாது. 1960களில் பர்ன்லி கிளப் தலைவராக இருந்த பாப் லார்ட் போன்றவர்கள், டிவியில் காட்டினால் சின்ன கிளப்புகளுக்கு யார் வருவார்கள் என்று பிடிவாதம் பிடித்ததில் வந்த ஏற்பாடு. சென்னையில் என் தம்பி வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து பார்க்கிற மூன்று மணி பிரீமியர் லீக் ஆட்டத்தை, அது நடக்கிற ஊரிலேயே இருக்கிற நான் டிவியில் பார்க்க முடியாது. இதை அநியாயம் என்று நண்பர்கள் புலம்புவார்கள். எனக்கு இதைவிட நல்ல சட்டம் வேறு இல்லை.

பீர் குடித்துக்கொண்டே பார்க்கலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம். 1985இல் வந்த சட்டப்படி மேல் ஐந்து படிகளில் மைதானம் கண்ணில் படும் இடத்தில் நின்று மது அருந்தக் கூடாது. அதற்குக் கீழே அந்தத் தடை இல்லை, பிளாஸ்டிக் கப்பில் வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கே வரலாம். பல கிளப்புகள் பிழைத்திருப்பதே பார் வருமானத்தில்தான். குடிக்காதவர்கள் பாதிப் பேர் இருப்பார்கள், நானும் அதில் ஒருவன், யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

சாப்பாடு? புளிசோறு கட்டிக்கொண்டு போகலாமா?

என் மைத்துனரின் கேள்வி இது. கட்டிக்கொண்டு போனால் யாரும் பிடுங்கப்போவதில்லை. ஆனால் அந்த டீக்கடை ஜன்னலில் நிற்கிறவர்கள் பல கிளப்புகளில் சம்பளம் வாங்காத தொண்டர்கள், அங்கே போடும் நான்கு பவுண்டு அணியின் பஸ் செலவுக்குப் போகிறது, அதனால் எதையாவது வாங்குங்கள். சிப்ஸ் கிடைக்கும், பர்கர் கிடைக்கும், பை கிடைக்கும். பை என்றால் தோளில் மாட்டுவது இல்லை, உள்ளே இறைச்சியோ உருளைக்கிழங்கோ வைத்து மூடிச் சுட்ட பண்டம், வாய் சுட்டுக்கொள்ளாமல் அதைச் சாப்பிட்டவர் யாரும் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் டல்லிச்சில் கவலைப்பட வேண்டாம். கிராமத்துப் பக்கம் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போதுதான் சிப்ஸ் ஒன்றே கதி. அதற்காக நான் கோட் பாக்கெட்டில் ஒரு சின்ன டப்பாவில் இட்லி மிளகாய்ப்பொடி வைத்திருக்கிறேன். சூடான சிப்ஸ் மேல் தூவிப் பாருங்கள். கோல் பின்னால் நிற்கிற மூன்று பேர் இப்போது என்னைத் தேடி வருவது ஆட்டத்தைப் பற்றிப் பேச இல்லை.

போவ்ரில் என்று ஒன்று சூடாகக் கப்பில் தருவார்கள். டீ என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். மாட்டிறைச்சிச் சாறு அது.

ஏன் பிங்க்? எட்கர் கேல் யார், அவர் பெயரை ஏன் பாடிக்கொண்டே இருக்கிறார்கள்?

பிங்க்கும் கருநீலமும் கிளப்பின் பழைய நிறம், நேற்று ஃபேஷனுக்காக வந்ததில்லை. 1893இல் லொரெய்ன் வில்சன் என்பவர், எல்லோரும் "பா" வில்சன் என்றுதான் சொல்வார்கள், உள்ளூர்ப் பள்ளியில் படித்து முடித்த பையன்களுக்காகத் தொடங்கிய கிளப் இது.

எட்கர் கேல் அந்தக் காலத்து நட்சத்திரம். அப்போது இங்கே அமெச்சூர் ஃபுட்பால் தனி உலகம். அமெச்சூர் கோப்பையை டல்லிச் 1920, 1932, 1934, 1937 என்று நான்கு முறை வென்றது. அந்தக் கோப்பைக்கு இருந்த மவுசு இப்போது யாருக்கும் புரியாது. 1951 இறுதி ஆட்டத்துக்கு வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் வந்தார்கள், சம்பளம் வாங்காதவர்கள் ஆடுவதைப் பார்க்க! கேல் டல்லிச்சுக்காக நானூறுக்கும் மேல் கோல் அடித்தவர். பெரிய கிளப்புகள் கூப்பிட்டும் சம்பளத்துக்கு ஆட மறுத்து இங்கேயே இருந்தார். 1929 மே மாதம் இங்கிலாந்து அணியில் மூன்று ஆட்டங்கள் ஆடினார். முதல் ஆட்டத்தில் பாரிஸில் பிரான்சுக்கு எதிராக இரண்டு கோல். மூன்றாவது ஆட்டம் மாட்ரிட்டில், 4-3 என்று ஸ்பெயின் ஜெயித்தது, பிரிட்டன், அயர்லாந்துக்கு வெளியே உள்ள ஒரு அணியிடம் இங்கிலாந்து தோற்ற முதல் ஆட்டம் அது.

மைதானத்துக்குப் போகும் பாதைக்கு அவர் பெயர்தான். அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது அங்கே நின்று பாடவில்லை, ஆனாலும் பாட்டு நிற்கவில்லை. எம்.ஜி.ஆர். படத்தை முதல் நாள் பார்த்திராதவர்கள் அவருக்கு விசில் அடிப்பதில்லையா, அதுமாதிரிதான்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் அல்டோனா 93 என்று ஒரு கிளப், அதுவும் 1893இல் பிறந்தது. இரண்டு கிளப் ரசிகர்களுக்கும் நட்பு உண்டு, ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் வருவார்கள். கூட்டத்தில் அந்த ஸ்கார்ஃபையும் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

நம் தோல் நிறத்துக்கு அங்கே பிரச்சினை வருமா?

மழுப்பாமல் சொல்கிறேன். சாம்பியன் ஹில்லில் எனக்கு எதுவும் நடந்ததில்லை. இந்த ரசிகர் கூட்டம் இனவெறிக்கு எதிராக வெளிப்படையாகவே கொடி கட்டி நிற்கிற கூட்டம், வானவில் கொடியும் பக்கத்திலேயே தொங்கும். வெளியூரில் ஒரு முறை, ஊர் பெயர் வேண்டாம், ஒருவன் எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். நான் வாய் திறப்பதற்குள் எங்கள் பக்கத்து ஆட்கள் தொண்டர்களைக் கூப்பிட்டு அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதற்காக நான்-லீக் முழுவதும் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். 2019 அக்டோபரில் வடக்கு லண்டனில் ஹாரிங்கே பரோ, யோவில் டவுனோடு, பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் சேர்ந்து ஆடும் எஃப்ஏ கோப்பையின் தகுதிச் சுற்றில் ஆடும்போது, கூட்டத்திலிருந்து வந்த இனவெறி வசைகளைத் தாங்காமல் ஹாரிங்கே அணி நடு ஆட்டத்தில் வெளியேறியது. ஆட்டம் கைவிடப்பட்டு, பிறகு மறுபடி ஆட வேண்டியிருந்தது. முதல் தடவைக்குத் தனியாகப் போகாமல் என்னோடு வாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த மாதிரிச் சின்ன மைதானங்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?

இருக்கிறது. 1948 லண்டன் ஒலிம்பிக் ஃபுட்பாலைப் பெரிய ஸ்டேடியங்களோடு இப்படிப்பட்ட அமெச்சூர் மைதானங்களிலும் நடத்தினார்கள். சாம்பியன் ஹில்லில் தென்கொரியா மெக்சிகோவை 5-3 என்று வென்றது. சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத இந்தியா தன் முதல் ஒலிம்பிக் ஃபுட்பால் ஆட்டத்தை ஆடியது கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டில், பிரான்சுக்கு எதிராக. பாதிக்கு மேற்பட்டவர்கள் வெறுங்காலில் ஆடினார்கள். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 2-1 என்று தோற்றோம், அந்த ஒரு கோலை அடித்தவர் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன். இன்றைக்கு இல்ஃபோர்டில் மளிகை வாங்கப் போகிற நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அந்த ஒலிம்பிக்குக்கு இடம் கொடுத்த வால்தம்ஸ்டோ மைதானம் இப்போது குடியிருப்பு. அந்தப் பக்கத்து பழைய அமெச்சூர் கிளப்புகளான இல்ஃபோர்ட், லெய்டன்ஸ்டோன், வால்தம்ஸ்டோ அவென்யூ எல்லாம் ஒன்றோடொன்று கரைந்து, கடைசியில் 1992இல் டேகனம் அண்ட் ரெட்பிரிட்ஜ் ஆகிவிட்டன. டல்லிச்சில் பூட்டு விழுந்தபோது ஏன் அத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள் என்பது இதிலிருந்து புரியும்.

2018இல் ஃபிஃபாவில் இல்லாத அணிகளுக்கான கோனிஃபா உலகக் கோப்பை லண்டனில் நடந்தபோது தமிழீழ அணியும் ஆடியது. அந்தப் போட்டி நடந்ததும் பிராம்லி, சட்டன், என்ஃபீல்ட் போன்ற நான்-லீக் மைதானங்களில்தான்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. என் மகள் ஐந்து வயதில் வந்தாள், முதல் பாதி முழுக்க ஒரு நாயோடு பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் வெளியே வந்த பந்தை எடுத்து ஆட்டக்காரரிடம் கொடுத்தாள், அவர் தேங்க்யூ சொன்னார், அன்றிலிருந்து அந்த லெஃப்ட் பேக்தான் உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர். கெட்ட வார்த்தை காதில் விழும், அதை மறைக்க முடியாது. கிளப்புக்குப் பெண்கள் அணியும் உண்டு, அந்த ஆட்டங்களுக்கு இன்னும் அதிகமாகக் குழந்தைகள் வருவார்கள்.

நான் செல்ஸீ ரசிகன். இது துரோகம் ஆகாதா?

ஆகாது. அங்கே நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு இன்னொரு அணி உண்டு, அதைப் பற்றிச் சத்தம் போடாமல் இருப்பதுதான் மரியாதை. செல்ஸீ ஜெர்ஸி மட்டும் போட்டுக்கொண்டு வராதீர்கள். தயக்கமாக இருந்தால் நான்-லீக் டே என்று ஒரு சனிக்கிழமை உண்டு, 2010இல் தொடங்கியது, சர்வதேச ஆட்டங்களுக்காக மேல் இரண்டு டிவிஷன்களும் லீவில் இருக்கிற வாரத்தில் வரும். அன்றைக்கு உங்கள் அணிக்கு ஆட்டமே இல்லை, அப்புறம் என்ன சாக்கு?

இவர்கள் பெரிய அணிகளோடு ஆடுவார்களா?

எஃப்ஏ கோப்பையில் வாய்ப்பு உண்டு, வழிதான் நீளம். ஆகஸ்ட் மாதமே சின்ன கிளப்புகள் ஆடத் தொடங்கிவிடும், பல தகுதிச் சுற்றுகள் தாண்டி நவம்பரில் முதல் சுற்று, பிரீமியர் லீக் அணிகள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில்தான் வருவார்கள். 1959இல் எங்கள் டூட்டிங் அண்ட் மிட்சம் மூன்றாம் சுற்றில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டை எதிர்த்து 2-0 என்று முன்னிலையில் இருந்தது. 2-2 ஆகி, மறு ஆட்டத்தில் தோற்றது. அந்த வருடம் கோப்பையை வென்றது அதே ஃபாரஸ்ட்தான். 2017இல் ஐந்தாவது படியில் இருந்த லிங்கன் சிட்டி, பர்ன்லியை அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்திக் காலிறுதி வரை போனது. நான் பார்த்த வரையில் டல்லிச்சுக்கு அந்த மாதிரி அதிர்ஷ்டம் அடிக்கவில்லை, அதனால் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மறுபடி முதலிலிருந்து ஆசைப்படுகிறோம்.

என்ன உடுத்திக்கொண்டு வருவது?

ஊட்டிக்குப் போவதாக நினைத்துக் கட்டாதீர்கள், அதைவிட மோசம். காங்கிரீட் படியில் இரண்டு மணி நேரம் நின்றால் குளிர் காலிலிருந்துதான் ஏறும், இரண்டு ஜோடி சாக்ஸ் கட்டாயம். அக்டோபருக்கு மேல் குல்லாய். குடை வேண்டாம், பின்னால் நிற்பவர் திட்டுவார்.

மழை பெய்தால் ஆட்டம் நடக்குமா? ரத்தானால் பணம்?

மழைக்கெல்லாம் நிறுத்த மாட்டார்கள், தண்ணீர் தேங்கினால் நிறுத்துவார்கள். குளிர்காலத்தில் தரை உறைந்துபோனாலும் நிறுத்துவார்கள். காலையில் ரெஃப்ரீ வந்து மைதானத்தில் நடந்து, பந்தைத் தட்டிப் பார்த்து முடிவு சொல்வார். அந்த முடிவைக் கிளப்பின் பக்கத்தில் உடனே போடுவார்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் கிளம்பி, இரண்டு ரயில் மாறி, பூட்டிய கேட் முன்னால் போய் நின்றிருக்கிறேன். அங்கே என்னைப்போல இன்னும் ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள், எல்லோரும் சேர்ந்து சேன்ஸ்பரிக்குள் போய் டீ குடித்துவிட்டு வந்தோம். டிக்கெட்டை ஃபோனிலிருந்து அழித்துவிடாதீர்கள், ஆட்டத்தைத் தள்ளிவைத்தால் அதுவே புதிய தேதிக்கும் செல்லும். பெரும்பாலும் அது ஒரு செவ்வாய் இரவாக இருக்கும், இன்னும் ஒரு சாக்ஸ் கூடப் போட்டுக்கொண்டு வாருங்கள்.